ஆறாவது வீட்டின் சன்ஷேடு

விழுப்புரம்,
வியாழக்கிழமை இரவு.

அன்புள்ள அண்ணாவுக்கு,

செல்வி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மீதியைப் படிக்கும்போது நீ பயந்துவிடக் கூடாது.

இந்தக் கடிதத்தை உனக்காகச் செய்த பொம்மை வீடுகளில் மூன்றாவதற்குள் வைக்கிறேன். மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை போட்டது. பார்சல் கட்டும்போது அப்பா கூரைகளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கூரையில் வைத்த காந்தம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறவன் நீ ஒருவன்தான். போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, ஏன் இப்படி உம் உம் என்கிறாய், வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டாயே, அப்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இப்போது அவர்கள் இரண்டு பேரும் உள்ளே படுத்திருக்கிறார்கள். நான் நாளைக்கு வேதியியல் தேர்வு என்று பொய் சொல்லிவிட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வேலை விஷயம். ஆறு வீடும் முடிந்துவிட்டன. நீ கேட்டபடி மூன்று முழு வீடு, இரண்டு இடிந்த வீடு. ஆறாவதை முழுதாகச் செய்வதா இடிந்ததாகச் செய்வதா என்பதை மட்டும் என் இஷ்டத்துக்கு விட்டிருந்தாய். அந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உன் கடை மாடியில் ஞாயிறுதோறும் மேஜையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுகிறவர்களைப் பற்றி நீ சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. முழு வீடு என்றால் கூரையைத் தூக்கி, சிப்பாயை உள்ளே வைத்து, மூட வேண்டும். பாதி ஆட்டத்தில் உள்ளே யார் இருக்கிறார் என்பதே மறந்துபோய், இருக்கிறவன் இல்லை என்றும் இல்லாதவன் இருக்கிறான் என்றும் நிஜச் சண்டை வந்துவிடும். இடிந்த வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. கை உள்ளே போகும். எந்த மாடியில் யார் நிற்கிறார் என்று சுற்றி நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேஜை முழுக்க இடிந்த வீடாகவே வைத்தால் அந்த ஊரில் யாருமே குடியிருந்த மாதிரித் தெரியவில்லை, அப்புறம் எதைக் காப்பாற்றச் சண்டை போடுகிறோம் என்று ஒருவர் கேட்டதாகவும் சொன்னாய். அதை நான் ரொம்ப யோசித்தேன்.

செய்கிறவளுக்கு வேறு ஒரு வித்தியாசமும் தெரியும் அண்ணா. முழு வீட்டில் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். உள்ளே அட்டை கோணலாக இருந்தாலும் வெளியே பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிட்டால் முடிந்தது. இடிந்த வீட்டில் அப்படி முடியாது. சுவர் எவ்வளவு கனம், தளம் எதன் மேல் நிற்கிறது, கம்பி எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் அதை ஒழுங்காக உடைக்க முடியும். என் முதல் இடிந்த வீட்டில் சுவரை மட்டும் உடைத்துவிட்டுக் கீழே ஒன்றும் போடாமல் அனுப்பினேனே, செங்கலை எல்லாம் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்டாய். அதற்குப் பிறகு திண்டிவனம் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்து, ரோட்டுக்காகப் பாதி வெட்டிய வீடுகளைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒரு வீட்டில் பச்சைச் சுவரில் அலமாரி அப்படியே நிற்கிறது, அதில் ஒரு ஊறுகாய் பாட்டில். அதைத்தான் இரண்டாவது வீட்டில் வைத்திருக்கிறேன். அரிசி அளவுதான் இருக்கும், தொலைத்துவிடாதே.

அந்த முதல் வீட்டைப் பார்த்து அப்பாவும் ஒன்று சொன்னார். நீ அப்போது ஊரில் இல்லை. வேலை முடிந்து வந்தவர் கை கழுவாமலே அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்த வூட்டுக்குச் சண்டையே தேவல பாப்பா. சன்ஷேடு கம்பிய அடியில வச்சிருக்க. பலகையப் பிரிச்சா தானா வுழுந்துடும்" என்றார். அம்மா அடுப்பைவிட்டு எழுந்து வந்து சிரித்தாள். பெரிய கொத்தனார் மகள் கட்டின வீடு என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார்கள். சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டின கை மாதிரி நிற்கிறது, முன்னால் தாங்க எதுவும் இல்லை, மேல்பக்கம்தான் இழுபடும், அதனால் கம்பி மேலே இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

இனிமேல் எழுதப்போவது வேலை விஷயம் இல்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் வேலைக்குப் போகவில்லை என்று அம்மா உன்னிடம் சொன்னாள் இல்லையா. காய்ச்சல் இல்லை. திண்டிவனத்தில் அப்பா மேஸ்திரியாக இருந்து கட்டிக்கொண்டிருந்த மாடி வீட்டில், போன வாரம் செவ்வாய்க்கிழமை, முன்பக்கத்துச் சன்ஷேடு விழுந்துவிட்டது. காலையில்தான் கான்கிரீட்டைத் தாங்கியிருந்த சென்ட்ரிங் பலகையைப் பிரித்தார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதன் நிழலில் சித்தாள் அம்சவள்ளி அக்கா உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். இடுப்பு எலும்பும் ஒரு காலும் முறிந்துவிட்டன. உயிருக்கு ஒன்றுமில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எப்போது நடப்பார் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அங்கேயும் சென்ட்ரிங் போட்டது மண்ணாங்கட்டி மாமாதான். அப்பா எங்கே வேலை எடுத்தாலும் பலகை அடிப்பதும் பிரிப்பதும் அவர்தானே. உனக்கு முதன்முதலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கான்கிரீட் கெட்டியாவதற்கு முன்னால் அவர் பலகையைப் பிரித்துவிட்டார், அதனால்தான் விழுந்தது என்று வீட்டுக்காரரும் மற்றவர்களும் அங்கேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவைக் கேட்டார்களாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். வருகிற திங்கட்கிழமை மண்ணாங்கட்டி மாமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் அவசரப்பட்டுப் பிரித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசையின்போது நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அப்பா மட்டும் எழவில்லை. பக்கத்திலிருந்தவர் அப்பாவின் காலைத் தாண்டிக்கொண்டு போனார். காய்ச்சல் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததால், அப்பாவும் அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மனசில் பாவம் இருக்கிறவர்கள் நற்கருணை வாங்கப் போக மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் மண்ணாங்கட்டி மாமா நம் வீட்டுக்கு வந்தார். வழக்கமாகத் தெருமுனையிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு, என்னம்மா இன்ஜினியரே, சாப்பாடு இருக்கா என்று கேட்டபடி வருவார். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அப்பா எழுந்து போனார். நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன்.

"அண்ணே, நான் எண்ணிக்கினுதான் பிரிச்சேன். பலகையில நாளுக்கு ஒரு கோடு போட்டு வப்பேன், உனக்கே தெரியும். பதினாலு கோடு இருந்துச்சி. ஒரு நாளு ரெண்டு தபா போட்டுட்டனா?" என்று கேட்டார்.

அப்பா கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போட்டிருப்படா" என்றார்.

மாமா தலையை ஆட்டினார். என்னால உனக்கும் பேரு கெட்டுப் போச்சி, மனசுல வச்சிக்காதண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவரைத் திட்டாமல் அனுப்பினாரே, எவ்வளவு நல்ல மனசு என்று அப்போது நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆறாவது வீட்டைத் தொடங்கினேன். அதை இடிந்ததாகவே செய்வது என்று முடிவு செய்திருந்தேன். உடைந்த சன்ஷேடு ஒன்று நிஜமாக எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ அனுப்பிய படத்தைப் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிப் போனை வாங்கினேன். அப்பாவுக்கு யாரோ அனுப்பிய திண்டிவனத்துப் படம் அதில் இருந்தது. அதைப் பார்த்துச் செய்வது தப்பு என்று எனக்குத் தெரியும். அம்சவள்ளி அக்காவின் செருப்புகூட அந்தப் படத்தில் இருக்கிறது. ஆனால் அதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும் என்றும் தோன்றியது. இதை எழுதவே கூசுகிறது.

தெர்மோகோலை வெட்டி, பட்டி பூசி, சுவரோரம் உடைத்தேன். கட்டுக்கம்பியைப் பிரித்து ஒவ்வொரு இழையாகப் படத்தில் இருக்கிற இடத்தில் சொருகிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது இழையோ ஆறாவது இழையோ சொருகும்போதுதான் கை நின்றது. எல்லாவற்றையும் அடியில் சொருகியிருக்கிறேன். தப்பாகச் செய்துவிட்டேன், மறுபடியும் அப்பா சிரிக்கப்போகிறார் என்று நினைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் தப்பாகச் செய்யவில்லை. உடைந்த இடத்தில் மேல்பக்கம் வெறும் ஜல்லிதான் இருக்கிறது. ஒரு கம்பிகூட இல்லை. எல்லாக் கம்பியும் அடியில்தான், நாக்கு மாதிரித் தொங்குகிறது.

பலகையைச் சீக்கிரம் பிரித்ததால் விழுந்திருந்தாலும் கம்பி இடம் மாறியிருக்காது இல்லையா அண்ணா. கட்டினபோது எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கும். பதினாலு நாள் இல்லை, நாற்பது நாள் கழித்துப் பிரித்திருந்தாலும் அது விழுந்திருக்கும். மாமா போட்ட கோட்டில் தப்பே இல்லை.

அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் இது தெரியாமல் போயிருக்கிறது. செய்து பார்த்ததால் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்குப் படம்கூடத் தேவையில்லை.

வீட்டை மறைத்து வைத்திருக்கலாம். நான் மறைக்கவில்லை. எப்போதும் போல ஜன்னல் பலகையில் காய வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அப்பா பார்க்க வேண்டும் என்று வைத்தேனா, மறந்து வைத்தேனா என்று என்னையே நூறு தடவை கேட்டுவிட்டேன். பார்க்கட்டும் என்றுதான் வைத்திருப்பேன்.

நேற்று சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த வீடு. என்னுடைய சின்னப் பட்டித் தகடு அவர் கையில் காணாமல் போய்விடும் போல இருந்தது. உடைந்த சன்ஷேடை நிமிர்த்தி ஒட்டி, தொங்கின கம்பியை உள்ளே மடக்கி, மேலே பட்டி வைத்து மட்டம் செய்துகொண்டிருந்தார். அவ்வளவு சுத்தமாக என்னால் செய்யவே முடியாது. விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்னப் பள்ளம்கூட எடுத்திருந்தார்.

நான் புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "காங்கிரீட் போடறன்னிக்கி மழ வர்ற மாரி இருந்துச்சி. தார்ப்பாயி இழுக்கறதுக்கு எல்லாரும் கம்பி மேலயே ஏறி ஓடினாங்க. அமுங்கிப்போச்சி. நான் பாத்தேன். தூக்கி வுட்டுடலாம்னுதான் நெனச்சேன், அதுக்குள்ள கலவையக் கொட்டிட்டாங்க." அப்புறம் வீட்டை என்னிடம் நீட்டி, "இது முழு வூடாவே போவட்டும் பாப்பா" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். சரி என்றும் சொன்னேன். அம்மா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், அண்ணனிடமோ அந்தப் பிரபாவதியிடமோ ஒரு வார்த்தை போனால் அப்பாவை நான் உயிரோடு பார்க்க முடியாது என்றாள். மிரட்டுவதற்காகச் சொன்னாளா, நிஜமாகப் பயந்து சொன்னாளா என்று தெரியவில்லை. ராத்திரி கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தாள். அதனால்தான் எனக்கும் பயமாக இருக்கிறது. இப்போதுகூட எழுந்து போய் அப்பா மூச்சு விடுகிறாரா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

பிரபாவதி மண்ணாங்கட்டி மாமாவின் மகள் என்பது உனக்குத் தெரியும். இப்போது நாங்கள் இரண்டு பேரும் பதினொன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் என்னிடம் கோபமாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இன்றைக்கும் மதியம் தன் டப்பாவிலிருந்து எனக்குப் பாதி எடுத்து வைத்தாள். உங்க அப்பா மாதிரி யாருடி இருப்பாங்க, எங்கப்பாவ ஒரு வார்த்த திட்டலயே என்றாள். பிறகு, "எங்கப்பா சோத்துல கைய வச்சிக்கினே வெரலு வுட்டு எண்ணுதுடி. பதினாலுதான் வருது, பதினாலுதான் வருதுன்னு சொல்லிக்கினே இருக்குது" என்றாள்.

அந்தச் சோற்றை அவள் டப்பாவிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை அண்ணா. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தார், தூக்கிவிட நினைத்தார், தூக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்த நேரத்தில் நீயோ நானோ நின்றிருந்தாலும் அப்படியே செய்திருப்போமோ என்னவோ. ஆனால் கேட்டருகில் நின்று "போட்டிருப்படா" என்று சொன்னது அப்படி இல்லை. அதைச் சொல்லும்போது மழை வரவில்லை. யாரும் ஓடவில்லை.

அப்பா உண்மையைச் சொன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா, நம் வீடு என்ன ஆகும், என் படிப்பு என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இந்த யோசனையில் அம்சவள்ளி அக்கா ஒரு தடவைகூட வரவில்லை என்று பிறகுதான் உறைத்தது. அவர் கட்டிலில் கிடந்துகொண்டு மண்ணாங்கட்டி மாமாவைச் சபித்துக்கொண்டிருப்பாராக இருக்கும். அவருக்காவது யாரால் விழுந்தது என்று தெரிய வேண்டாமா?

ஆகையால் ஒரு காரியம் செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் ஆறாவது வீட்டை எடுத்து, அப்பா வைத்த பட்டியை ஊசியால் சுரண்டிவிட்டேன். கம்பியை அவர் மடக்கத்தான் செய்தார், மேலே மாற்றி வைக்கவில்லை. எல்லாம் அடியிலேயே இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தொங்கவிட்டேன். சுரண்டும்போது அவர் கையையே சுரண்டுகிற மாதிரி இருந்தது. சன்ஷேடு இப்போது படத்தில் இருப்பது போலவே உடைந்திருக்கிறது. அளவுக்கு நீ அனுப்பியிருந்த சிப்பாயை மாடியில் நிற்க வைத்திருக்கிறேன். அதன் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீயும் வைக்காதே.

நாளைக் காலையில் அப்பாதான் பார்சல் கட்டுவார். சணலை இரண்டு சுற்றுச் சுற்றி அவர் போடுகிற முடிச்சை உன்னால் அவிழ்க்க முடியாது, கத்தரிக்கோல்தான் எடுப்பாய். கட்டுவதற்கு முன்னால் ஆறு வீட்டையும் கையில் எடுத்துச் செய்தித்தாள் சுற்றுவார். ஆறாவதையும் எடுப்பார். என்ன செய்வார் என்று தெரியவில்லை. அடிக்க மாட்டார். அடித்துவிட்டால்கூட நன்றாக இருக்கும். நான் அவருக்கு முன்னால் நிற்கப் போவதில்லை. சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவேன். என்னிடம் அவ்வளவு தைரியம்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் பெட்டி உன் கைக்கு வந்துவிடும். இதைப் படித்து முடித்ததும் ஆறாவது வீட்டைச் சுற்றியிருக்கிற தாளைப் பிரி. சன்ஷேடு உடைந்தே வந்திருந்தால் அப்பா அதைப் பார்த்தபிறகும் அப்படியே கட்டி அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் திங்கட்கிழமை அவர் ஸ்டேஷனுக்குப் போவார். தனியாகப் போகக் கூடாது. நீ அவருக்கு ஒரு பக்கமும் மண்ணாங்கட்டி மாமாவுக்கு ஒரு பக்கமும் நிற்க வேண்டும். மறுபடியும் பட்டி வைத்து மூடி முழு வீடாக வந்திருந்தால், அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வா. நான் ஒருத்தி சுரண்டினால் அவர் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டே இருப்பார். நீயும் நானும் சேர்ந்து அவர் முன்னால் வைத்தால் மூட மாட்டார் என்று நினைக்கிறேன்.

எது வந்தாலும் சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிடு. கடையில் லீவு தரவில்லை என்றால் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அது பொய் இல்லை.

அம்மா கேட்டால் நீயாகத்தான் வந்தேன் என்று சொல். அப்பா கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு. அவருக்குத் தெரியாமல் எழுதியது இந்த ஒரு கடிதத்தோடு போதும்.

மாதா உன்னை வழியில் ஒரு குறையும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நம் வாசலில் இறக்கிவிடட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாம் நான்கு பேரும் சேர்ந்து போக வேண்டும். அப்பா எழுந்து நற்கருணைக்குப் போகிற ஞாயிறு எப்போது வருமோ, அதுவரை நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை,
ஆரோக்கியசெல்வி